பூட்டியவரே திறக்க வேண்டும்

பெயர்தான் குண்டூசி. ஆனால் அவள் குத்துவதில்லை, கடிப்பாள். நாலு வயதுக் குழந்தையின் பால்பல் அப்படி என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள், அவளோடு மழலையர் பள்ளியில் படிக்கும் கொட்டாவியின் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

கொட்டாவி என்பதும் பட்டப்பெயர்தான். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாலும் சரி, படம் வரையச் சொன்னாலும் சரி, அந்தப் பையன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடுவான். விளையாட விட்டால் மட்டும் எங்கிருந்துதான் விழிப்பு வருமோ, வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் தாண்டிப் போய்ச் சிவப்பு மூணு சக்கர சைக்கிளில் உட்கார்ந்துவிடுவான். குண்டூசிக்கு வரிசை என்றால் உயிர். யார் யாருக்குப் பின்னால் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இப்படிப்பட்ட இருவரை ஒரே வகுப்பில் போட்டால் என்ன ஆகும்? முதல் தடவை கடித்ததைக் குழந்தைகள் சண்டை என்று விட்டுவிட்டார்கள். மறுபடியும் கடித்தபோது அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அம்மாவுக்கு வேலை பல் செய்வது. பல் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் வாய் அச்சுகளைப் பார்த்து, யார் யாருக்கோ பல்செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் இருந்தாள். குண்டூசி பிறந்ததும் விட்ட வேலைக்கு இப்போதுதான் திரும்பப் போக ஆரம்பித்திருந்தாள். பள்ளியின் பெரிய டீச்சர் கொட்டாவியின் கையைத் திருப்பிக் காட்டினார். அம்மா தடத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்.

"கீழ் வரிசையில ஒரு பல் லேசாத் திரும்பியிருக்கு பாருங்க. எங்க வீட்டுப் பல்லுதான்."

நாள் முழுக்க ஊராருக்குப் பல் செய்து கொடுப்பவள், தன் வீட்டுப் பல்லுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. "இன்னொரு தடவை நடந்தா எங்களால வெச்சுக்க முடியாதும்மா. மத்த பெத்தவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அந்தப் பள்ளியை விட்டால் அக்கம்பக்கத்தில் வேறு பள்ளி கிடையாது. குண்டூசி வீட்டில் இருந்தால் அம்மாவும் வீட்டில் இருக்க வேண்டும். அம்மா வீட்டில் இருந்தால், இத்தனை வருஷம் கழித்துக் கைக்குப் பழகி வந்த வேலை மறுபடி கை நழுவிப் போகும்.

அன்று வீட்டுக்கு வந்த அம்மா, பையைக்கூடக் கீழே வைக்காமல் கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, காலையில எழுந்ததுலேர்ந்து ஸ்கூல்ல விடற வரைக்கும் அவளோட இருக்கறது நீங்கதானே? ரெண்டு பேரும் அப்படி என்னதான் பண்றீங்க?"

கணவர் லிப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிப்ட்காரர். மனைவி வேலைக்குப் போகட்டும் என்று கம்பெனியில் சொல்லி மதியத்துக்கு மேல் வேலையை வாங்கிக்கொண்டவர். அது நல்ல மனசு என்று ஊரே பாராட்டியது. அவரும் கொஞ்சம் பாராட்டிக்கொண்டார். இப்போது இந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. நாம் உண்மையிலேயே என்னதான் பண்ணுகிறோம்?

இது அவருடைய பிறவிக் குணம். ஒரு லிப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் ஓட வைக்கப் பார்ப்பார்கள். இவர் ஏன் நின்றது என்று பார்ப்பார். ஓடிய பிறகும் உட்கார்ந்து யோசிப்பார். அந்தப் பழக்கத்தால் எத்தனையோ தடவை சாப்பாடு ஆறிப் போயிருக்கிறது. அடுத்த நாள் காலையிலிருந்து அவர் தன் மகளை அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்.

காலையில் அவர்கள் பண்ணியது பெரும்பாலும் விளையாட்டுதான். லிப்ட் விளையாட்டு. குண்டூசிதான் லிப்ட். மூக்கை அழுத்தினால் மேலே போக வேண்டும். நுனிக்காலில் எம்பி நிற்பாள். மோவாயை அழுத்தினால் கீழே. பொத்தென்று குத்துக்காலிட்டு உட்காருவாள். இதில் சலிப்புத் தட்டிய ஒரு நாளில் லிப்ட்காரர், "இப்ப லிப்ட் கெட்டுப் போச்சு" என்று அறிவித்தார். கெட்டுப்போன லிப்ட் தலைகீழ். மூக்கை அழுத்தினால் உட்கார வேண்டும், மோவாயை அழுத்தினால் எம்ப வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் போனாள். தப்பாகப் போவதே அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. இரண்டு பேரும் தரையில் புரண்டு சிரிப்பார்கள். பால் ஆடை கட்டிப் போகும். ஒரு காலுறை காணாமல் போகும். இதைத்தான் மனைவி 'என்னதான் பண்றீங்க' என்று கேட்டாள் போலிருக்கிறது.

ஆனால் இப்போது கூர்ந்து பார்த்தபோது அவருக்கு ஒன்று தென்பட்டது. கெட்டுப்போன லிப்டின் மூக்கை அழுத்தியதும் குண்டூசியின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். கிளம்பியது, பாதியில் நிற்கும். கண் ஒரு கணம் எங்கோ போகும். பிறகு உட்காருவாள். சரியாக! அந்த ஒரு கணம் முன்னால் கிடையாது. புதிதாக வந்திருக்கிறது. குழந்தைக்குள்ளே ஏதோ ஒன்று, "இரு, இது அது இல்லை" என்று சொல்லிவிட்டு ஓடி ஒளிந்துகொள்வதை அவர் கண்ணால் பார்த்தார்.  இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடியும் அதே கணம். மூக்கு சிவக்கிற வரைக்கும் அழுத்தினார்.

"அப்பா, போதும். பொத்தான் வலிக்குது."

அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. லிப்டில் பிரேக் என்பது தனிக் கதை. தெரியாதவர்கள், கரண்ட் போனால் லிப்ட் அப்படியே விழுந்துவிடும் என்று பயப்படுவார்கள். உண்மை நேர்மாறு. சுருள்வில் எப்போதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். கரண்ட் வந்தால்தான் பிடி விடும். நிற்பதுதான் லிப்டின் சுபாவம்; ஓடுவதற்குத்தான் பாடுபட வேண்டும். இவள் விஷயத்தில் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே! ஓடுவதும் பிடுங்குவதும் கடிப்பதும் இவளுக்கு இனாமாக வருகிறது. நிற்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது. அப்படி நிற்க யார் சொல்லிக் கொடுப்பார்கள்? தானாக வருமா? அவருக்கே எப்படி வந்தது? யோசித்துப் பார்த்தால் அவருக்கு முழுசாக வந்திருக்கிறதா என்பதே சந்தேகம். கட்டட மேலாளர்களிடம் அவர் போடும் சத்தம் எட்டு மாடிக்குக் கேட்கும்.

பூட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்து மின்விசிறி தொந்தரவு செய்தது. லிப்ட்காரர் வீட்டு வேலையானாலும் கம்பெனி வேலை மாதிரிதான் செய்வார். மெயினை அணைத்தார். மெயின் பெட்டியில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டார். பூட்டில் ஒரு அட்டை தொங்கும். அதில் அவருடைய போட்டோ இருக்கும். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு போய் விசிறி சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். சுற்றவில்லை. அதற்கப்புறம்தான் ஏணியில் ஏறினார்.

குண்டூசி கீழே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் அணைச்சுட்டியே. எதுக்கு மறுபடி சுவிட்சைப் போட்டுப் பாத்த?"

"நிஜமாவே நின்னுடுச்சான்னு தெரியணும்ல? நின்னுடுச்சுன்னு நாம நெனச்சா மட்டும் போதாது. அழுத்திப் பாக்கணும்."

"பூட்டு எதுக்கு?"

லிப்ட்காரர் இடது கையை நீட்டினார். மோதிர விரலில் மேல் கணு இல்லை. குண்டூசிக்கு அந்த விரலைத் தெரியும். தூங்கப் போகும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வாள். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று அதுவரை கேட்டதில்லை. அப்பாவின் விரல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"ஒரு தடவை நான் மேல மெஷினுக்குள்ள கையை விட்டு வேலை பாத்துட்டிருந்தேன். கீழ ஒரு மாமா என் பூட்டை வெட்டிட்டு மெயினைப் போட்டுட்டாரு."

"ஏன்?"

"அவசரம்."

"அந்த மாமாவை நீ கடிச்சியா?"

"இல்லடா. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்துச்சு, நேரமில்ல."

குண்டூசி அந்தப் பதிலை நியாயம் என்று ஏற்றுக்கொண்டாள். "அதனாலதான் இந்தச் சட்டம்," என்றார் அப்பா. "யார் பூட்டினாங்களோ அவங்கதான் திறக்கணும். முதலாளியே வந்து நின்னாலும் வேற யாரும் தொடக் கூடாது."

அவளுக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்றாள். பழைய சிவப்புப் பூட்டு ஒன்று இருந்தது. அவளுடைய போட்டோவை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. போகிற இடமெல்லாம் பூட்டும் சாவியும் அவள் கவுன் பைக்குள்ளேயே போயின. பொம்மைப் பெட்டிக்குப் பூட்டு, சைக்கிளுக்குப் பூட்டு. ஒரு நாள் காலை அம்மாவின் வேலைப் பை இருந்த அலமாரிக்குப் பூட்டு. அம்மாவுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"என்னங்க, உங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்குல்ல? நெம்பி எடுங்க!"

"அவதான் பூட்டினா. அவதான் திறக்கணும்."

"லிப்ட் விழும், சரி. அலமாரி விழுமா? யார் விரல் போகப் போகுது?"

லிப்ட்காரர் அசையவில்லை. குண்டூசி நிதானமாக ரொட்டியைத் தின்று முடித்து, கையைத் துடைத்து, அலமாரிக்குள்ளே இருக்கும் கரடி பொம்மை தூங்கி எழுந்துவிட்டதா என்று கதவில் காதை வைத்துக் கேட்டு, அதற்குப் பிறகு திறந்தாள். பஸ் போய்விட்டது. அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவற்றில் ஒன்று மட்டும் நியாயமானது. "பூட்டுப் போடக் கத்துக் குடுத்தீங்களே, கடிக்காம இருக்கக் கத்துக் குடுத்தீங்களா?"

அவள் போன பிறகு குண்டூசி அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, கோவத்துக்குப் பூட்டு போடலாமா?"

அவர் காலுறை தேடிக்கொண்டிருந்தார். பாதி காதில்தான் வாங்கினார். "போடலாமே," என்றார். "கோவம் எங்க இருக்கோ அங்க போடு." பிறகு நினைத்துப் பார்த்து, லிப்ட் விளையாட்டில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். பூட்டிய லிப்ட். குண்டூசி தொப்புளில் பூட்டுகிற மாதிரி ஒரு திருகு திருகி, சாவியைப் பைக்குள் போடுகிற மாதிரி போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு மூக்கை அழுத்தினாலும், மோவாயை அழுத்தினாலும், அக்குளில் விரலை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் அசையக் கூடாது. "அழுத்திப் பாரு, அப்பா, அழுத்திப் பாரு" என்பாள். அவர் அழுத்துவார். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து கன்னம் உப்பும், ஆனாலும் நிற்பாள். பிறகு, "நகரல!" என்று கத்துவாள். வேலை நடக்கும் இடத்தில், பூட்டிவிட்டு அழுத்திப் பார்த்த பிறகு அவரும் கூட்டாளிகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் பகல், பள்ளியிலிருந்து போன் வந்தது. முதலில் மனைவிக்குப் போன் அடித்திருக்கிறார்கள், பல் கூடத்தில் மெஷின் இரைச்சலில் அவள் எடுக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லிப்ட்காரர் கருவிப் பையோடு ஓடினார். கடித்துவிட்டாள், எல்லாம் போச்சு என்றுதான் வழி முழுக்க நினைத்தார்.

கடிக்கவில்லை. பள்ளி முற்றத்தின் மூலையில், பந்து வெளியே போகாமல் இருக்க நாலு பக்கமும் மேலேயும் கம்பிவலை அடித்த ஒரு கூண்டு உண்டு. அதற்கு ஒரு சின்னக் கதவு. குண்டூசி அந்தக் கூண்டுக்குள் தன்னந்தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் வளையத்தில் உள்பக்கமாக அவளுடைய சிவப்புப் பூட்டு தொங்கியது. அட்டையில் அவளுடைய போட்டோ சிரித்தது. நிஜ முகம் சிரிக்கவில்லை. கொதிக்கிற பால் மாதிரி இருந்தது.

பெரிய டீச்சர் வியர்த்துப் போயிருந்தார். "அந்தப் பையன் வரிசையில முன்னால போய் சைக்கிளை எடுத்திருக்கான் சார். இவ அவன் பக்கம் ஓடினா. சரி, இவ கடிக்கப் போறான்னு நான் கத்திக்கிட்டே ஓடறேன், அதுக்குள்ள திரும்பி இங்க வந்து பூட்டிக்கிட்டா. சாவி அவ பையில. எவ்வளவு கெஞ்சியாச்சு, குடுக்க மாட்டேங்குறா. குழந்தையை உள்ள வெச்சுப் பூட்டின கதவு இருக்கவே கூடாது சார், எங்க விதி அது. உங்ககிட்ட வெட்டற கட்டர் இருக்கும்ல?"

கட்டர் இருந்தது. பையைத் திறந்தாலே மேலாக இருந்தது. கொட்டாவியின் அப்பாவும் மகனைக் கூட்டிப் போக வந்து நின்றிருந்தார். அவருக்கு எதிலும் பொறுமை கிடையாது. மகன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்பது அவரைப் பார்த்தாலே விளங்கியது. "என்ன சார் பாத்துட்டே இருக்கீங்க? ஒரு நிமிஷ வேலை. வெட்டித் தள்ளுங்க!" என்றார்.

லிப்ட்காரர் கட்டரைக் கையில் எடுத்தார். கம்பிவலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"யார் பூட்டு இது?"

"என்னோடது."

"எதுக்குப் போட்ட?"

"நீதானே சொன்ன? கோவம் எங்க இருக்கோ அங்க போடச் சொன்ன." அவள் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினாள். "இங்க இருக்கு. இங்க பூட்டு போட முடியல. அதான் என்னையே போட்டேன்."

 பாதி காதில் வாங்கிச் சொன்ன ஒரு வார்த்தையை இந்தக் குழந்தை இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது! மற்றவர்களை அடைக்கவில்லை; ஓடிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்று, திரும்பி, தன்னைத்தானே அடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு கணம். குதிகால் தரையை விட்டுக் கிளம்பி நிற்கிற அதே கணம். மூக்கை அழுத்தாமலே, அப்பா பக்கத்தில் இல்லாமலே வந்திருக்கிறது.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் இருக்கு."

"சீக்கிரம் சார்!" என்றார் கொட்டாவியின் அப்பா. "ஒரு குழந்தை பேச்சைக் கேட்டுக்கிட்டு... ரெண்டு அடி குடுக்கற இடத்துல குடுத்திருந்தா கடிக்கற வரைக்கும் வந்திருக்காது."

லிப்ட்காரருக்குச் சுரீரென்று ஏறியது. எட்டு மாடிக்குக் கேட்கும் அந்தச் சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்தார்: வலைக்கு உள்ளிருந்து குண்டூசி அவருடைய முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தோடு அல்ல. அவர் அவளைக் காலையில் பார்ப்பாரே, அதே மாதிரி. அடுத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

அவர் வாயை மூடிக்கொண்டார். கருவிப் பையிலிருந்து தன் சிவப்புப் பூட்டை எடுத்தார். கட்டரின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து, நடுவில் பூட்டைக் கோர்த்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். கட்டர் இனி யார் கையிலும் வாயைத் திறக்காது.

"என்ன சார் பண்றீங்க!" பெரிய டீச்சரின் குரல் உடைந்தது.

"டீச்சர், நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நெருப்பு, புகைன்னு எதுவும் வந்தா அடுத்த நிமிஷம் கதவையே பேத்துடுவேன். அது இல்லாதப்ப வெட்டினா, இவ்வளவு நேரம் அவ நின்னது வீணாப் போயிடும். கடிக்காம இருக்கறதுக்காகத்தான் பூட்டியிருக்கா. கொஞ்சம் பொறுங்க."

டீச்சர் அவருடைய இடது கையைப் பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தைகளுக்கான நாற்காலி, முழங்கால் மார்புக்கு வந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. குண்டூசி எழுந்து வலைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, அழுத்திப் பாக்கலாம்."

லிப்ட்காரர் டீச்சரிடம் திரும்பினார். "அந்தப் பையனை சைக்கிள்ல ஒரு தடவை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்களேன்."

கொட்டாவிக்குக் கேட்க வேண்டுமா? சிவப்பு சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வலையை ஒட்டியே வந்தான். குண்டூசியின் உடம்பு முன்னால் சாய்ந்தது. பல் தெரிந்தது.

"இன்னும் இருக்கு," என்றாள் நேர்மையாக.

அவன் ஒரு சுற்று சுற்றி மறுபடி வந்தான். இந்தத் தடவை சாய்ந்தாள்; பல் தெரியவில்லை. "இன்னும் துளி இருக்கு." கொட்டாவி வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதையான சவாரி போனதில்லை. திரும்பத் திரும்ப வந்தான். கடைசியில் வலைக்கு நேர் எதிரே நின்று, குண்டூசியின் முகத்தைப் பார்த்து, வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டான்.

குண்டூசியும் கொட்டாவி விட்டாள்.

"நகரல," என்றாள். பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். வெளியே வந்து, சைக்கிளுக்கு நிற்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

பெரிய டீச்சர் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "அவ கடிக்கல. அதை நான் பாத்தேன்," என்றார். "ஆனா இந்தப் பூட்டு இனிமே இங்க வரக் கூடாது சார். நாளைக்கு இன்னொரு குழந்தை உள்ள இருக்கும்போது யாராவது பூட்டினா? பூட்டு இருந்தா நிக்கறா, சரி. பூட்டு இல்லாம நிப்பாளா? அது எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் அவங்க அம்மாவுக்கு நான் ஒரு முடிவு சொல்ல முடியும்."

லிப்ட்காரர் தலையாட்டினார். அவருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அன்று இரவு வேலை முடித்து வந்து, அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நெஜமாவே தெரியல."

மறுநாள் காலை குண்டூசி பள்ளி வாசலில் நின்று தன் பையைத் தடவிப் பார்த்தாள். காலி. பூட்டு வீட்டில், மெயின் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில், அப்பாவின் பூட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. "பூட்டு இல்லாம எப்படிப்பா?" என்றாள்.  நெற்றியில் முத்தம் கொடுத்து உள்ளே அனுப்பினார். மற்ற அப்பா அம்மாக்கள் எல்லாம் போய்விட்டார்கள். இவர் மட்டும் வெளிக்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்தின் அந்தப் பக்கம் பெரிய டீச்சரும், போகிற போக்கில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சைக்கிளுக்கு வரிசை நின்றது. குண்டூசிதான் அடுத்தவள். கொட்டாவி வந்தான். நேற்றைய மரியாதை அவனுக்கு நினைவிருக்கும் போல. நேராக முன்னால் போய் சைக்கிளில் உட்கார்ந்தான்.

குண்டூசி முன்னால் சாய்ந்தாள். வாய் திறந்தது. லிப்ட்காரரின் கை கம்பியில் இறுகியது. டீச்சர் ஓரடி எடுத்து வைத்தார்.

குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. பாதியில் நின்றது.

அவளுடைய கண் எங்கோ போய்விட்டு வந்தது. வலது கை தொப்புளுக்குப் போய் ஒரு திருகு திருகியது. வெறுங்கை காலிப் பைக்குள் போய் எதையோ போட்டுவிட்டு வெளியே வந்தது. பிறகு அவள் ஆள்காட்டி விரலை நீட்டி, தன் மூக்கைத் தானே அழுத்தினாள். நன்றாக, மூக்கு சப்பையாகிற வரைக்கும் அழுத்தினாள். உடம்பில் எதுவும் அசையவில்லை.

கொட்டாவி மணியடித்துக்கொண்டு போய்விட்டான். குண்டூசி சுற்றுமுற்றும் பார்த்தாள். வெளிக்கதவில் நிற்கும் அப்பா கண்ணில் பட்டார். முகமெல்லாம் மலர, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அப்பா! அழுத்திப் பாத்தேன்ப்பா! நகரல!"